பள்ளிக்கூடமும் நம் பிள்ளைகளின் மனநலமும்: ஒரு வரலாற்று நோக்கு

கல்வி வரலாறு எழுதப் புகுவோர் எத்தனை பள்ளிகள் திறக்கப்பட்டன, எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் தேறினர் என்ற கணக்கையே பெரும்பாலும் எழுதுவர். கணக்கு வேண்டியதுதான். ஆயினும் வகுப்பறையில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் உள்ளத்துக்குள் என்ன நிகழ்ந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. பன்னிரண்டு வயது முதல் பதினெட்டு வயது வரையிலான பருவம் உடலும் உள்ளமும் ஒருங்கே மாறும் பருவம். அப்பருவத்தில் கேட்ட ஒரு சொல், பட்ட ஓர் அவமானம், கிடைத்த ஓர் ஆறுதல், மனிதனை அறுபது வயது வரையிலும் விடாமல் தொடர்கிறது. அந்த வயதினருக்குப் பள்ளிக்கூடம் எவ்வாறு துணை நின்றது, எவ்வாறு நிற்கத் தவறியது என்பதைச் சாத்தூர் வட்டாரத்தை நடுவில் வைத்து நாம் ஈண்டுப் பார்க்கப் புகுகிறோம்.

இவ்வரலாற்றின் முதல் ஏடுகளில் ஒன்று நம் முன்னோர் ஒருவர் தம் கையாலேயே எழுதி வைத்தது. திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் 1939இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற சிறு நூலை வெளியிட்டார். அதில் தாம் கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றிக் கூறுகிறார். மாணவர் ஏறத்தாழ நானூறு பேர். அவர்களில் பத்துப் பேர் போக மற்றையோர் பிராமணர். பிற பிள்ளைகளோடு நெருங்கிப் பழகினால் தம் சாதியும் குடியிருக்கும் இடமும் வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சி, மணி அடிக்கும் வரை பள்ளிக்கு வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருந்து, அடித்த பிறகே உள்ளே போவாராம். வகுப்புக் கலைந்ததும் எவரும் எட்டிப் பிடிக்க இயலாத வேகத்தில் வீட்டுக்கு நடந்துவிடுவாராம். விளையாட்டு இல்லை, தோழன் இல்லை. 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்து நம் உரிமையைக் கேட்ட பெருமகனின் பிள்ளைப் பருவம் இது.

அண்ணலின் பள்ளி வாழ்வோ பலரும் அறிந்தது. உட்காருவதற்குக் கோணிச் சாக்கை வீட்டிலிருந்தே கொண்டுவந்து மாலையில் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். தாகம் எடுத்தால் பள்ளிப் பணியாள் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். பணியாள் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை. இவ்விருவரின் நிலையையும் இன்றைய உளவியலாளர் கண்டால் அச்சம், ஒதுங்கல், தனிமை என்று குறிப்பேட்டில் எழுதக்கூடும். எழுதுவது சரியே. ஆனால் அந்த அச்சத்துக்கு வேர் அச்சிறுவர்களுக்குள் இருந்ததா, அவர்களைச் சுற்றி இருந்ததா என்ற கேள்வியைக் கேளாமல் எழுதினால் அக்குறிப்பு அரைக் குறிப்பே. நம் பிள்ளைகளின் மனநலம் பற்றிய பேச்சில் இன்றளவும் தீராமல் நிற்கும் கேள்வி இதுதான்.

நமக்கென எழுந்த பள்ளிகள்

1893இல் சென்னை மாகாண அரசு பஞ்சமர் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்து மானியம் வழங்க முன்வந்தது. அடுத்த ஆண்டு கர்னல் ஆல்காட் அடையாற்றில் தம் முதல் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். சென்னை நகரில் எல்.சி. குருசாமி அருந்ததியர் குடியிருப்புகளுக்கென இரவுப் பள்ளிகளை நடத்தினார். பகலெல்லாம் வேலை செய்த பிள்ளைகள் இரவில் விளக்கடியில் எழுத்துக் கூட்டினர்.

இவை எவற்றுக்கும் மனநலத் திட்டம் என்று பெயரில்லை. அச்சொல்லே அன்று இல்லை. எனினும் இரட்டைமலையாருக்குக் கோவையில் கிட்டாத ஒன்று அங்கே கிட்டியது. மறைந்து நிற்க வேண்டாத ஓரிடம். உன் தெரு எது என்று கேட்கப்படும்போது நெஞ்சு படபடக்காத ஓரிடம். வாத்தியார் நம்மவர், பக்கத்தில் அமர்ந்திருப்பவன் நம்மவன். பிள்ளைக்கு ஆசான் தரும் முதல் மருந்து இதுவே எனலாம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். தனிப் பள்ளி என்பது சிறிது காலத்தில் 'சேரிப் பள்ளி' என்ற பெயரைச் சுமந்தது. ஐந்தாம் வகுப்பு வரை அங்கே தலைநிமிர்ந்து படித்த பிள்ளை, ஆறாம் வகுப்புக்கு ஊர்ப் பள்ளிக்குப் போன நாளில் பழைய அச்சத்தைப் புதிதாகச் சந்தித்தது. எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் நம் பிள்ளைகள் நின்றுவிடுவதற்கு வறுமையை மட்டும் காரணம் காட்டுவோர் இந்த ஆறாம் வகுப்பு வாசலைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அரசு விடுதிகள் பெருகியது விடுதலைக்குப் பின்னர். இன்று ஆதிதிராவிடர் நலத்துறையின் கீழ் ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளும் ஆயிரத்துக்கு மேற்பட்ட விடுதிகளும் இருக்கின்றன. 2025 சூலையில் தமிழக அரசு தன் மாணவர் விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றியது. பெயரோடு கட்டிலும் கழிப்பறையும் மாற வேண்டும் என்று சொன்னால் எவரும் நம்மைக் குறைகூற மாட்டார்கள். பதின்மூன்று வயதில் தாயைப் பிரிந்து விடுதிக்கு வரும் பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் எவ்வளவு கடினம் என்பதை விடுதியில் தங்கிப் படித்த நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிவர். அந்த மூன்று மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டவர்கள்தாம் எத்தனை பேர்!

பசியும் மனத்தைச் சேர்ந்ததே. 1956-57இல் மதிய உணவுத் திட்டத்தைத் தமிழகமெங்கும் பரவச் செய்த பெருந்தலைவர் காமராசர், 1957லும் 1962லும் நம் சாத்தூர்த் தொகுதியிலிருந்தே சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அத்திட்டம் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் சேர்ந்தது. வெறும் வயிற்றோடு அமர்ந்த பிள்ளைக்கு எரிச்சலும் மறதியும் வருவது இயல்பு. அதை 'மக்கு' என்று பெயரிட்டு அழைத்த காலம் ஒன்றிருந்தது.

தீப்பெட்டியின் நிழலில்

சாத்தூரின் பழம்பெருமைகளில் ஒன்று பேனா நிப்பு. வெள்ளரிக்காயும் சேவும் போலவே நிப்பும் நம் ஊரின் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டு சென்றது. அந்த நிப்பைத் தேய்த்துக் கூராக்கிய கைகளில் எத்தனை கைகள் அதைப் பிடித்து எழுதின என்று எவரும் கணக்கெடுத்ததில்லை.

கணக்கெடுக்கப்பட்டது தீப்பெட்டித் தொழில். 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிச் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். வானம் பார்த்த கரிசல் காட்டில் அத்தொழில் பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சட்டத்தில் குச்சி அடுக்கவும், பெட்டி ஒட்டவும், சிட்டை போட்டுக் கட்டவும் சின்ன விரல்களே விரைவானவை என்ற எண்ணம் வேரூன்றியது. விடியுமுன் ஊர் ஊராக வந்து நின்ற ஆலைப் பேருந்துகளில் தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தாய்மார் ஏற்றிவிட்டனர். சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் இவ்வாறு உழைத்த சிறுவர் சிறுமியர் ஏறத்தாழ 45,000 பேர் என்று 1980களின் ஆய்வுகள் கூறின. அவர்களில் நம் தெருப் பிள்ளைகள் நிறைய இருந்தனர். சிறுமியரின் எண்ணிக்கையே மிகுதி.

1976இல் அத்தகைய பேருந்து ஒன்று விபத்துக்குள்ளாகி முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மாண்டனர். அதன் பின்னரே ஹர்பன்ஸ் சிங் குழு அமைக்கப்பட்டது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட இடங்களுள் சிவகாசியும் ஒன்று. 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் இப்பிள்ளைகளின் முகங்களை நாட்டுக்குக் காட்டியது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும், அத்தொகை அப்பிள்ளையின் நலனுக்கான நிதியில் சேர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளைப் பற்றி இங்கே சிறிது நின்று சொல்ல வேண்டும். ஒன்பது முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளை ஆலையிலிருந்து மீட்டு, உணவும் சிறு உதவித்தொகையும் தந்து, படிப்பைப் பிடித்துக்கொள்ளச் செய்து, ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது அவற்றின் நோக்கம். காகிதத்தில் இது எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் திட்டமே. நடைமுறையில் அதைவிடக் கடினமான ஒரு வேலை அப்பள்ளிகளின் தலையில் விழுந்தது. பதின்மூன்று வயதுப் பெண், வாரக்கூலி வாங்கி வீட்டில் கொடுத்துப் பழகியவள், 'அ' எழுதக் கற்றுக்கொள்ளச் சிறுபிள்ளைகளோடு உட்கார வேண்டும். அவளுக்கு வெட்கம். தான் கூலி கொண்டு வராததால் தம்பிக்குச் சோறு குறைகிறதோ என்ற குற்ற உணர்வு. ஆலையில் வேகத்துக்குப் பேர்வாங்கியவள் இங்கே மெதுவாகப் படிக்கிறவள். இதைப் புரிந்துகொண்ட ஆசிரியை கிடைத்த பிள்ளைகள் தங்கினர். கிடைக்காத பிள்ளைகள் மறுபடி பேருந்து ஏறினர். சிறப்புப் பள்ளிகளின் வெற்றியும் தோல்வியும் பாடநூலைவிட இந்த ஒன்றையே சார்ந்திருந்தன என்பது நம் துணிபு. 2021க்குப் பிறகு அத்திட்டம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, தனிப் பெயரின்றி மறைந்தது.

தேர்வு முடிவு வரும் நாள்

1911இல் சென்னை மாகாணத்தில் பள்ளி இறுதித் தேர்வு அமைக்கப்பட்டது. 1978இல் பதினோராம் வகுப்போடு முடிந்த பள்ளிப் படிப்பு, பத்தும் இரண்டும் என்று மாறியது. அதனால் ஒன்றுக்கு இரண்டாகப் பொதுத் தேர்வுகள் வந்தன. முடிவு வெளியாகும் நாளில் தெருவில் ஒரே ஒரு நாளிதழ் வரும். அதைச் சுற்றி இருபது பேர் நிற்பர். எண் இருந்தால் மிட்டாய். இல்லாவிட்டால் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் அறிந்துவிடும். பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தன் தோல்வியைத் தனியே அழுது தீர்க்கவும் இடமில்லாத ஏற்பாடு அது.

நம் விருதுநகர் மாவட்டம் தேர்ச்சி விழுக்காட்டில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தில் நின்றது. இம்மண்ணின் ஆசிரியர்களின் உழைப்புக்கு அது சான்று. நமக்கும் அதில் பெருமையே. ஆயினும் விழுக்காடு குறைந்துவிடும் என்று அஞ்சிப் பின்தங்கிய பிள்ளையைத் தனித்தேர்வராக எழுதச் சொல்லி அனுப்பிய பள்ளிகளும் உண்டு. நூற்றுக்கு நூறு என்று வாசலில் எழுதும்போது, எழுத விடப்படாதவர்கள் அந்த நூற்றில் சேர்வதில்லை. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம் பிள்ளைகளுக்கு அந்த வடிகட்டலில் பங்கு மிகுதி.

1986இல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சினேகா' அமைப்பு, மனம் உடைந்தவர்கள் பேசுவதற்கென ஒரு தொலைபேசியைத் திறந்துவைத்தது. தேர்வு முடிவுக் காலத்தில் மாணவர் உயிரிழப்புகள் கூடுவதைக் கண்ட அவ்வமைப்பினர், தேறாதவர் அடுத்த ஆண்டு வரை காத்திராமல் சில வாரங்களுக்குள் மீண்டும் எழுத வழி வேண்டும் என்று வற்புறுத்தினர். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சிறப்புத் துணைத் தேர்வு நடைமுறைக்கு வந்தது. எளிய மாற்றம், செலவும் பெரிதில்லை. மனநலத் திட்டம் என்றால் மருத்துவமனையும் மாத்திரையும் மட்டுமே என்று எண்ணுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். தேர்வு அட்டவணையை மாற்றுவதும் மனநலத் திட்டமே. 2017இல் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட்டதும் இவ்வழியில் வந்ததே. 104 என்ற மருத்துவ உதவி எண்ணும், 2018இல் தொடங்கிய 14417 என்ற கல்வி உதவி எண்ணும் தேர்வுக் காலத்தில் மாணவருக்கு ஆலோசனை கூறுகின்றன.

அப்படியும் 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. அவ்வாண்டின் மாநில வரிசையில் மகாராட்டிரத்தை அடுத்து நின்றது தமிழ்நாடு. அதற்கு ஐந்தாண்டு முன், 2017 செப்டம்பர் 1 அன்று, அரியலூர் மாவட்டம் குழுமூரில் நம் மகள் அனிதாவை இழந்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்ற, சுமை தூக்கும் தொழிலாளியின் மகள். தோற்ற பிள்ளையல்லள். வென்ற பிள்ளைக்கு எதிரே விதி மாற்றப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதிட்டார். தன்னம்பிக்கை கொள், மூச்சை இழுத்துவிடு என்ற அறிவுரை மட்டும் அந்நிலைக்குப் போதுமா என்பதை நம் இளைஞர்கள் எண்ணிப் பார்க்கட்டும். ஆலோசனை வேண்டும்; நீதியும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிப்போடுவது முறையன்று.

திட்டங்கள் வந்த வழி

பிள்ளைகளின் மனநலத்துக்கென இந்தியாவில் முதல் வழிகாட்டு மருத்துவகம் பம்பாயில் டாட்டா சமூகப்பணிக் கல்லூரியில் 1937இல் திறக்கப்பட்டது. 1952-53இல் நம் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, பள்ளிகளில் வழிகாட்டு அலுவலர்கள் வேண்டும் என்றது. 1964-66இல் கோத்தாரிக் குழு, குறைந்த அளவாகப் பத்துப் பள்ளிகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் சுற்றிவரும் ஆலோசகர் வேண்டும் என்றது. பெரிய நகரங்களில் சில பள்ளிகளுக்கு அது கிடைத்தது. நம் கரிசல் பள்ளிகளுக்கு வரவில்லை.

மனநோய் என்றால் கீழ்ப்பாக்கம் என்றும், அதற்கு வழியில்லாதவர்க்குக் கோயிலும் தர்காவும் என்றும் இருந்த நிலை நெடுநாள் நீடித்தது. 1982இல் தேசிய மனநலத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது முதல் நான்கு மாவட்டங்களில் திருச்சிராப்பள்ளி ஒன்று. நம் பக்கத்து இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகளில் 28 பேர் இறந்தனர். அவர்களும் யாரோ ஒரு வீட்டின் பிள்ளைகளே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. உயிரை மாய்க்க முயன்றவரைக் குற்றவாளியாகப் பாராமல் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகக் கருதிப் பேண வேண்டும் என்றது.

பள்ளிக்குள் நுழைந்த சட்டம் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அதன் பதினேழாம் பிரிவு அடிப்பதை மட்டுமன்றி மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை பிரம்படி ஆறிவிடும், சொல்லடி ஆறுவதில்லை. வகுப்பின் நடுவே 'உதவித்தொகை வாங்குகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்' என்று சொல்லப்பட்டு எழுந்து நின்ற அனுபவம் நம்மில் எத்தனையோ பேருக்கு உண்டு. சொன்னவர் தீய எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார். நின்றவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை.

2005இல் வளரிளம் பருவக் கல்வித் திட்டம். 2014இல் தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம். 2020இல் பள்ளிக்கு இரு ஆசிரியர்களை நலத் தூதுவர்களாக்கும் மத்திய அரசின் திட்டம். பெயர்கள் பல. தமிழகத்தில் 2013ஆம் ஆண்டளவில் நடமாடும் உளவியல் ஆலோசனை வண்டிகள் தொடங்கப்பட்டன. பத்து வண்டிகள், வண்டிக்கு ஓர் உளவியலாளர், மாவட்டங்களோ அன்று முப்பத்திரண்டு. வண்டி வந்த நாளில் பிள்ளைகள் நெஞ்சைத் திறந்து பேசினர். அது திரும்பி வரும் நாள் எதுவென்று எவருக்கும் தெரியவில்லை. பதினைந்து வயதில் மனத்தில் இருப்பதைச் சொல்ல மூன்று மாதம் பழக வேண்டும். ஒரு மணி நேரம் போதாது. பின்னர் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டிகள் வைக்கப்பட்டன. 2022இல் 14416 என்ற மனநல உதவி எண்ணும், டிசம்பரில் மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' மன்றங்களும் வந்தன.

கயிறும் அரிவாளும்

தென் மாவட்டங்களின் பள்ளி மனநலத்தைச் சாதி மோதலை விட்டுவிட்டு எழுத இயலாது. 1957இல் முதுகுளத்தூர், 1995இல் கொடியன்குளம். 1997இல் விருதுநகரைச் சார்ந்து அமைந்த போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டதை ஒட்டி எழுந்த கலவரத்தின் முடிவில் எல்லா மாவட்டங்கள், கழகங்களின் தலைவர் பெயர்களும் நீக்கப்பட்டன. நம் மாவட்டம் காமராசர் பெயரை இழந்து விருதுநகர் என்றானது அப்போதுதான். ஊரில் மூண்ட பகை பேருந்தில் ஏறிப் பள்ளிக்குள் வந்தது. மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு, எந்தக் கயிறு எந்தச் சாதி என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வாய்ப்பாடு போல அறிந்து வைத்திருக்கும் நிலை உண்டாயிற்று. 2019இல் கயிறுகளைத் தடுக்குமாறு பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு எழவே, அது கிடப்பில் போடப்பட்டது.

2023 ஆகஸ்ட் 9 இரவில் நாங்குநேரியில், உடன் படித்த மாணவர்களே பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர்; தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதற்கு முன் அவர் அவமதிப்புத் தாளாமல் பள்ளிக்குப் போகாமலே இருந்தார் என்பதையும், காரணம் கேட்ட பிறகே விவரம் வெளிவந்தது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கு வராத பிள்ளையின் மௌனமே முதல் எச்சரிக்கை. அந்த மாணவர் காயங்களோடு தேர்வெழுதி 600க்கு 469 மதிப்பெண் பெற்றார்.

அதன்பின் அமைந்த ஓய்வு பெற்ற நீதியரசர் கே. சந்துரு குழு 2024 சூன் 18 அன்று அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் நீக்கம், கயிறும் அடையாளப் பொட்டும் தடை, அகர வரிசையில் இருக்கை, உதவித்தொகைச் செய்தியை வகுப்பில் அறிவியாமல் தனியே தெரிவித்தல், ஐந்நூறு மாணவர்க்கு மேற்பட்ட பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் நியமனம் முதலியன அதன் பரிந்துரைகள். இவற்றுள் நல அலுவலரும் இருக்கை வரிசையும் ஒரே அறிக்கையில் இடம்பெற்றிருப்பதே நமக்குச் சிறப்பாகத் தோன்றுகிறது. பிள்ளையின் மனத்தைக் கேட்கவும் வேண்டும். அம்மனத்தை நோகச் செய்யும் ஏற்பாட்டை மாற்றவும் வேண்டும் என்பதை ஓர் அரசுக் குழு சேர்த்துச் சொன்னது அரிது.

நம் ஊரின் தனித் துன்பம்

நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வேறெங்கும் காணாத ஓர் அச்சம் உண்டு. தாயோ தந்தையோ பட்டாசு ஆலையில் இருக்கும்போது வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளை, தொலைவில் ஓர் ஓசை கேட்டால் கரும்பலகையை மறந்துவிடும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12 அன்று நம் சாத்தூரை அடுத்த அச்சங்குளம். அச்சங்குளத்தில் மட்டும் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இழப்பீட்டுத் தொகை அறிவிக்கப்படுகிறது, வழக்குப் பதிவாகிறது. தாயை இழந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பதினாறாம் நாள் கழிந்து பள்ளிக்குத் திரும்பி வரும்போது அதனோடு என்ன பேசுவது என்று ஆசிரியர்க்கு எவரும் கற்பித்ததில்லை. 2004இல் ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினக் கரையில் ஆசிரியர்களுக்கு அத்தகைய பயிற்சி தரப்பட்டது. ஆண்டுதோறும் சிறு சிறு ஆழிப்பேரலை வரும் நம் மண்ணுக்கு அது இன்னும் நிலையான ஏற்பாடாக வரவில்லை.

'எங்களுக்கெல்லாம் யார் ஆலோசனை சொன்னார்கள்? நாங்கள் படித்து மேலே வரவில்லையா?' என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. அவர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் அக்கேள்வியைக் கேட்க இன்று மேடையில் இருப்பவர்கள் தாக்குப்பிடித்தவர்கள். பத்தாம் வகுப்போடு நின்று ஆலைக்குப் போனவர், மணம் முடித்து அனுப்பப்பட்டவர், பேச்சற்றுப் போனவர், இல்லாமலே போனவர் எவரும் அம்மேடையில் இல்லை. வேறு சிலர், 'பைத்தியம் என்று பேர் வந்துவிடும், பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது' என்று மறைக்கின்றனர். காய்ச்சலை மறைத்தால் காய்ச்சல் போவதில்லை. உறக்கம் கெடுதல், உணவு மறுத்தல், நண்பரை விட்டு விலகுதல், பள்ளிக்குப் போக மறுத்தல் ஆகியவை இரு வாரம் தொடர்ந்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுவதற்கு எந்தப் பெற்றோரும் கூச வேண்டியதில்லை. 14416 என்ற எண்ணுக்கு இரவிலும் பேசலாம்; பதினெட்டு வயதுக்குட்பட்டவர் 1098 என்ற எண்ணையும் அழைக்கலாம். கட்டணம் இல்லை.

2025 சூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் குறித்துப் பதினைந்து நெறிமுறைகளை வகுத்தது. சட்டம் இயற்றப்படும் வரை அவை பள்ளி, கல்லூரி, பயிற்சி நிலையம் அனைத்தையும் கட்டுப்படுத்தும். நூறு அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். குறைந்தவை வெளியிலுள்ள வல்லுநரோடு தொடர்பு வைக்க வேண்டும். மதிப்பெண்ணைக் கொண்டு பிள்ளைகளைத் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரிப்பதும் எல்லோர் முன்னும் இழிவுபடுத்துவதும் கூடாது. சாதி முதலிய காரணங்களால் ஒதுக்கப்படும் பிள்ளைகளிடம் நடந்துகொள்ளும் முறையை ஆசிரியர்கள் கற்க வேண்டும். 1966இல் பத்துப் பள்ளிக்கு ஒருவர் என்று தொடங்கிய பேச்சு, 2013இல் பத்து வண்டியாகி, 2024இல் ஐந்நூறு மாணவருக்கு ஒருவராகி, 2025இல் நூறு மாணவர் உள்ள பள்ளிக்கு ஒருவர் என்று வந்து நிற்கிறது. காகிதத்தில்தான்.

அதைக் காகிதத்திலிருந்து இறக்கும் கருவி ஒன்று நம் கையில் உள்ளது. கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கு உரிய இடம் உண்டு. சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டங்களின் பள்ளிகளில் நம் தாய்மார் பலர் அக்குழுக்களில் உறுப்பினராக இருக்கின்றனர். கூட்டத்துக்கு வந்து கையெழுத்திட்டுத் திரும்பிவிடுகிறார்கள் என்ற குறை உண்டு. அவர்களுக்கு எதைக் கேட்க வேண்டும் என்று எவரும் சொல்லாததே அதற்குக் காரணம். இப்பள்ளியில் எத்தனை மாணவர், ஆலோசகர் யார், எந்த நாளில் வருகிறார், அவர் பிள்ளையோடு தனித்துப் பேச அறை உள்ளதா, உதவித்தொகைப் பட்டியல் எவ்வாறு அறிவிக்கப்படுகிறது, பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் இங்கே எத்தனை பேர்? இந்த ஆறு கேள்விகளையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லும் உரிமை குழு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் உண்டு. எழுத்தறியாத தாயோடு நம் இளைஞர் ஒருவர் சென்று, கூட்டத்துக்கு முன்பே கேள்விகளை எழுதிக் கொடுத்தால் போதும்.